சிவப்பு தெரியாத தோல்

பம்பாய் மாநகராட்சி ஆணையர் ஹாரி ஆர்பத்நாட் அக்வொர்த் 1890இல் மாட்டுங்காவில் ஒரு காப்பகத்தைத் திறந்தார். வீடற்ற தொழுநோயாளிகளுக்கான அந்த இடம் அப்போது நகரத்தின் விளிம்பில், வடாலாவின் உப்பளங்களும் சதுப்பும் இருந்த பக்கம் அமைந்தது. ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்த டேமியன் பாதிரியார் அதே நோய் தொற்றி முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். அந்தச் செய்தி உலகெங்கும் கிளப்பிய அச்சம் பம்பாயையும் பிடித்திருந்தது. தெருவில் கையேந்தி நின்றவர்களைக் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே நகரத்தின் முதல் கவலை, அவர்களுடைய சிகிச்சை அதற்குப் பின்னால்தான் வந்தது. மராத்திய வீரப் பாடல்களான போவாடாக்களைத் தேடித் தொகுத்து ஆங்கிலத்தில் தந்தவரும் இதே அக்வொர்த்தான் என்பது அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என்னைத் தடுமாற வைக்கிறது. 1898இல் வந்த தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுக்கும் நோயாளியைப் பிடித்து அடைக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அது முற்றாக நீக்கப்பட்டது 2016இல்தான். தொழுநோயை விவாகரத்துக்கான காரணங்களின் பட்டியலிலிருந்து எடுக்க 2019வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் காப்பகத்தின் கழிவுநீரிலிருந்து 1897இல் எரிவாயு எடுத்தார்கள். சாண எரிவாயுவின் வரலாற்றைச் சொல்லும் கட்டுரைகள் பல, பம்பாய்த் தொழுநோய்க் காப்பகத்தில் 1859இலேயே எரிவாயுக் கலன் இருந்ததாக எழுதுகின்றன. காப்பகமே 1890இல்தான் பிறந்தது என்று யாராவது ஒருவர் பார்த்திருந்தால் அந்தப் பிழை இத்தனை காலம் ஓடியிருக்காது. காப்பகத்தைப் பற்றி எழுதியவர்கள் அங்கே வாழ்ந்தவர்களைக் கவனித்துப் பார்த்தது அதைவிடக் குறைவு.

மாட்டுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர்களும் இசுலாமியர்களும், அங்கே தோல் பதனிடும் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். சுண்ணாம்பிலும் சாயத்திலும் உப்பிலும் ஊறிய கைகள் அவர்களுடையவை. பதனிடும் கூடங்களில் பெரும்பாலானவை இப்போது அங்கே இல்லை. ஆனால் தோலைக் கெடுக்கும் வேலை குறையவில்லை. விடியுமுன் மாவில் கைவைத்து, நாள் முழுக்கப் பாத்திரம் கழுவும் இட்லிக்காரப் பெண்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண், நகத்தைச் சுற்றி வீக்கம். பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பவர்களுக்கு அரிப்பும் வெடிப்பும். செம்பூரைத் தாண்டி சீத்தா கேம்ப்வரை, தமிழர் நெருங்கி வாழும் எந்தக் குடியிருப்பிலும் மருத்துவரிடம் சொல்லப்படும் முதல் நான்கைந்து குறைகளில் தோல் குறை ஒன்று நிச்சயம் இருக்கும்.

கறுத்த தோலுக்கான மருத்துவம் என்ற பேச்சு இப்போது ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வலுவாக எழுந்திருக்கிறது. பாடநூல்களில் படமாக இருப்பது வெள்ளைத் தோல், அதைப் பார்த்துப் படித்த மருத்துவர் கறுத்த தோலில் நோயைத் தவறவிடுகிறார் என்பது அதன் சாரம். இந்தியாவில் மருத்துவரும் நோயாளியும் ஒரே நிறக் குடும்பம்தானே, இங்கே அந்தச் சிக்கல் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. சிக்கல் இங்கே வேறு வழியாக வருகிறது என்பதே என் வாதம். அதற்கான தீர்வின் ஒரு பகுதி, யாரும் அப்படிப் பெயர் சூட்டாமலே, தாராவியின் சந்துகளில் ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டதுதான்.

முதலில் கண்ணின் சிக்கலைப் பார்ப்போம். தோல் அழற்சியின் முதல் அடையாளம் சிவத்தல் என்று மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். மெலனின் நிறைந்த தோலில் இரத்தக் குழாய் விரிந்தாலும் சிவப்பு மேலே தெளிவாகத் தெரிவதில்லை. கரப்பான் சாம்பலாகவோ அடர்பழுப்பாகவோ தெரியும். சொரியாசிஸ் ஊதா கலந்த கறுப்பாக இருக்கும். சிவப்பைத் தேடும் கண், நோய் லேசானது என்று முடிவு செய்துவிடும். கருவிகளுக்கும் இந்தக் குறை உண்டு. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட பிறகு, வீடுவீடாகச் சென்றவர்கள் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர், ஒளியைத் தோல் வழியே பாய்ச்சி அளக்கும் கருவி. அதே ஆண்டின் இறுதியில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். கருவி போதுமான ஆக்சிஜன் இருப்பதாகக் காட்டியபோதும் இரத்தத்தில் உண்மையில் குறைந்திருந்த நிலை வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று மடங்கு. தாராவி மக்களின் தோல், அந்த ஒப்பீட்டின் வெள்ளையர் பக்கத்தைவிட மற்றப் பக்கத்துக்கே நெருக்கமானது.

சிவப்பை நம்பாமல் தோலைப் பார்க்கக் கற்றவர்கள் தொழுநோய்ப் பணியாளர்கள். டாக்டர் ஆர். கணபதி 1976இல் தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம், சயான் சுன்னாபட்டியை மையமாகக் கொண்டு தாராவி போன்ற குடிசைப் பகுதிகளின் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் போனது. போனவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற துணைப் பணியாளர்கள். அவர்களுடைய முறை எளியது, கறாரானது. நோயாளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ செம்பழுப்பாகவோ ஒரு தேமல் இருந்தால் அதன்மேல் பஞ்சுத் துணுக்கால் அல்லது பேனா முனையால் மெல்லத் தொட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட இடத்தை நோயாளி தன் விரலால் காட்ட வேண்டும். பிறகு முழங்கைக்குப் பின்னாலும் முழங்காலுக்கு வெளிப்புறமும் நரம்பைத் தடவி, தடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறத்தைவிட உணர்ச்சியும் தொடுகையும் இங்கே பெரிய சாட்சிகள். தோலின் நிறம் இந்தச் சோதனையை ஏமாற்றாது.

வெளிச்சம் என்று எழுதிவிடுவது சுலபம். பத்துக்குப் பத்து அறையில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். சந்துக்கு வந்தால் வெளிச்சம் இருக்கும், மறைவு இருக்காது. முதுகிலோ தொடையிலோ தேமல் உள்ள பெண், சந்தில் நின்று அதைக் காட்டமாட்டாள். காட்டச் சொல்வதும் சரியல்ல. ஆகவே பெண் பணியாளர் இல்லாத கணக்கெடுப்பு பெண்களின் நோயைப் பெருமளவு தவறவிடும் என்று எதிர்பார்க்கலாம். மொழியும் அப்படித்தான். ‘எரியுது’, ‘ஊறுது’, ‘மதமதன்னு இருக்கு’ என்ற மூன்றுக்கும் மருத்துவத்தில் மூன்று வேறு பொருள்கள் உண்டு. மூன்றாவது நரம்புக்குப் பாதிப்பு என்பதற்கான எச்சரிக்கை. இந்தியில் ஒரே சொல்லாகச் சுருங்கினால் அந்த எச்சரிக்கை மருத்துவரின் காதுக்குப் போகாது.

மருந்தின் கதைக்கு வருகிறேன். கறுத்த தோலைப் பற்றிய மருத்துவ அறிவு மேற்கிலிருந்து இங்கே கொடையாக வந்தது என்று நினைப்பது வரலாற்றுப் பிழை. தொழுநோய்க்குச் சித்த மருத்துவர்கள் கொடுத்துவந்த நீரடிமுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரத்தின் விதை. அதன் இனத்தைச் சேர்ந்த சால்மூக்ரா எண்ணெயை 1854இல் கல்கத்தாவில் மௌவாட் என்ற மருத்துவர் ஐரோப்பிய மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தார். குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் கட்டிக்கொள்ளும் அந்த எண்ணெயை உடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றியவர் ஹவாயில் பணியாற்றிய ஆலிஸ் பால் என்ற ஆப்பிரிக்க அமெரிக்க வேதியியலாளர். 1916இல், 24 வயதில் இறந்துபோனார். அவர் கண்ட முறையைப் பல்கலைக்கழகத் தலைவர் தன் பெயரில் வெளியிட்டார். சல்போன் மருந்துகள் வரும்வரை உலகின் தொழுநோய் மனைகள் அந்த எண்ணெயையே நம்பியிருந்தன. அந்தச் சல்போன்களில் ஒன்றான டாப்சோனின் சோதனைக்களங்களில் நம்மவர் ஊர்களும் உண்டு. செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் ராபர்ட் காக்ரேன் 1940களில் அதை ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். நைஜீரியாவின் உசுவாகோலியில் ஜான் லோ அதை வாய்வழி மாத்திரையாக நிலைநிறுத்தினார். தாராவிச் சிறுவன் ஒருவன் இன்று விழுங்கும் டாப்சோன் மாத்திரைக்குப் பின்னால் ஆப்பிரிக்க நோயாளிகளும் தமிழ் நோயாளிகளும் தந்த உடல்கள் இருக்கின்றன.

வெண்குட்டத்துக்குத் தமிழ்நாட்டு வைத்தியர்கள் தந்தது கார்போக அரிசி. அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வார்கள். எகிப்தில் நைல் நதிக்கரை மூலிகைக்காரர்கள் அம்மி என்ற செடியின் விதையை இதே போல வெயிலோடு சேர்த்துப் பயன்படுத்தினார்கள். இரண்டிலும் உள்ளது சோரலென் என்ற ஒரே குடும்பப் பொருள். கெய்ரோவின் எல் மொஃப்தி, அம்மியிலிருந்து பிரித்த மருந்தை 1948இல் வெண்குட்டத்துக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். 1974இல் ஹார்வர்டில் அதே பொருளைச் செயற்கைப் புறஊதா ஒளியோடு இணைத்து சொரியாசிஸுக்குச் சிகிச்சை கண்டார்கள். அந்தக் குழுவில் இந்தியாவில் பிறந்த மதுகர் பாத்தக்கும் இருந்தார். யாருக்கு எவ்வளவு ஒளி என்று முடிவு செய்ய, மறு ஆண்டு அதே குழுவின் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல்களை வகைப்படுத்தினார். அந்த முதல் அட்டவணையில் இருந்தவை வெயிலில் வெள்ளைத் தோல் எப்படிக் கன்றுகிறது என்பதை வைத்துப் பிரித்த நான்கு வகைகள். பழுப்பும் கறுப்பும் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் பின்னால் சேர்க்கப்பட்டன. மருந்துக்கு மூலம் ஆப்பிரிக்க, இந்திய மூலிகை. அந்த மருந்தோடு சேரும் ஒளியின் அளவைச் சொல்லப் பிறந்த அட்டவணையிலோ அந்த நாடுகளின் தோலுக்கு முதலில் இடமில்லை. இன்று உலகெங்கும் தோல் மருத்துவத்தின் அடிப்படை அளவுகோலாக இருப்பது அதுவே.

படர்தாமரைக்கும் இப்படி ஒரு பம்பாய்க் கதை உண்டு. பிரேசில் மரமொன்றின் தண்டிலிருந்து எடுத்த மஞ்சள் பொடி, போர்ச்சுகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்து, பம்பாய்க் கடைகளில் ‘கோவா பவுடர்’ என்று படர்தாமரைக்கு விற்றது. பம்பாய் மருந்து வணிகர் கெம்ப் 1864இல் அதைப் பற்றி எழுதினார். லண்டனில் பால்மானோ ஸ்கொயர் 1876இல் அது சொரியாசிஸைக் குறைப்பதைக் கண்டார். அதன் வழிவந்த டித்ரனால் 1916 முதல் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் படர்தாமரைக்கு அரைத்துப் பூசும் சீமை அகத்தி இலையிலும் அதே ஆந்த்ராகுயினோன் குடும்பப் பொருள்கள் உள்ளன. அந்தச் செடியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் யொரூபா மக்களும் அதே இலையை அதே நோய்க்குப் பூசுகிறார்கள். நாட்டு மருந்து என்பது அசையாமல் ஓரிடத்தில் கிடந்ததில்லை. அடிமைக் கப்பலிலும் வணிகக் கப்பலிலும் ஏறி அலைந்தது.

இதனால் நாட்டு மருந்தெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. கார்போக அரிசி எண்ணெயைத் தானே பூசிக்கொண்டு உச்சிவெயிலில் நின்றால் தோல் கொப்பளித்து வெந்துபோகும். சேங்கொட்டைப் பால் பட்ட இடம் கருகும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த வெளிநாட்டுப் படைவீரர்களுக்குக் கழுத்தில் புண் வந்தது, சலவைக்காரர் துணியில் அடையாளமிட்ட சேங்கொட்டை மையால்தான். பாதரசம் சேர்ந்த களிம்புகளை ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்பதற்காக ஏற்க முடியாது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறமாக இறங்கிய தைலம் செதிலை மென்மையாக்கும். அதைப் பூசும் நோயாளியைத் திட்டும் மருத்துவர் அந்த நோயாளியை இழக்கிறார். என்ன பூசினாய் என்று கோபமில்லாமல் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

இன்று தாராவியில் தோலைக் கெடுப்பதில் முதலிடம் நாட்டு மருந்துக்கு இல்லை, மெடிக்கலில் கிடைக்கும் டியூப்புக்கே. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி மூன்றையும் கலந்த களிம்பு அது. தொடையிடுக்கில் அரிப்பு என்று சொன்னால் சீட்டு கேட்காமல் எடுத்துத் தருவார்கள். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை அமர்த்துவதால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். பூஞ்சை நிற்காது. வட்டமாக, விளிம்பு தடித்து இருக்க வேண்டிய படர்தாமரை தன் வடிவத்தையே இழந்து, பார்க்கும் மருத்துவரையும் குழப்பும். டியூப்பை நிறுத்தினால் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். நிறுத்தாவிட்டால் தோல் மெலிந்து, தொடையில் வரிவரியாகக் கிழிந்த தழும்பு விழும். இந்த விளைநிலத்தில் வளர்ந்ததுதான் ‘டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே’ என்று 2020இல் பெயரிடப்பட்ட பூஞ்சை. தெர்பினாஃபின் மருந்து தாக்கும் நொதியின் மரபணுவில் மாற்றம் கொண்ட இதன் பல வகைகளுக்கு அந்த மருந்து பிடிப்பதில்லை. 2023இல் நியூயார்க்கிலும் இதைக் கண்டார்கள்.

சட்டம் இதில் தாமதமாகவே விழித்தது. மேற்பூச்சு மருந்துகளுக்கு இருந்த விதிவிலக்கால் வீரியமான ஸ்டீராய்டுகள்கூடச் சீட்டில்லாமல் விற்றன. தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து போராடியபின் 2018இல் 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விதிவிலக்கை எடுத்தார்கள். விதி மாறியது, கவுண்டரில் பழக்கம் மாறவில்லை.

டியூப்பைக் கீழே வைக்க மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்குப் பணமும் நேரமும் மட்டும் காரணமில்லை. கறுத்த தோலில் எந்த அழற்சியும் ஆறும்போது கரும் திட்டை விட்டுச் செல்லும். அது மறைய மாதங்கள் ஆகும். நோய் போய்விட்டது என்று மருத்துவர் சொல்லும் நாளில் நோயாளி கண்ணாடியில் காண்பது கறுப்பு. அவரைப் பொறுத்தவரை நோய் இன்னும் இருக்கிறது. வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடத்தில் சிகிச்சை முடியும் இடத்தில், நம் தோலில் இரண்டாவது கட்டம் தொடங்குகிறது. அதை முன்கூட்டிச் சொல்லி அனுப்பும் மருத்துவர் குறைவு. சொல்லாமல் அனுப்பினால் அவர் மீண்டும் மெடிக்கலுக்குப் போவார். ஸ்டீராய்டு தோலின் நிறத்தையும் வெளுக்கும் என்பதால், அதே டியூப் இப்போது முகத்துக்கு ஏறும்.

12 இந்திய மையங்களில் முகத்தோல் குறைகளோடு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏழில் ஒருவர். நிறம் கூட வேண்டும் என்ற ஆசையைத் தொழிலாக்கிய நகரமும் மும்பைதான். ஹிந்துஸ்தான் லீவரின் ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது, 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு இல்லை. ஆனால் கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று பல பத்தாண்டுகள் வீட்டுக்குள் வந்து சொன்ன விளம்பரங்கள் அதனுடையவை. ஆபத்தான களிம்புகள் அந்த ஆசையின் நிழலில் விற்றன. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பற்றிய ஆய்வு, அவர்களில் பலரின் நோயை வெளுப்புக் களிம்புகளோடும் அவற்றிலுள்ள பாதரசத்தோடும் தொடர்புபடுத்தியது. தென்னாப்பிரிக்கா 1990இலேயே அழகுப்பொருளாக விற்கும் வெளுப்புக் களிம்புகளைத் தடை செய்தது. ஹைட்ரோகுயினோன் பூசிய கறுப்பினப் பெண்களின் முகம் நீலக்கறுப்பாகத் தடித்துப்போனதை அங்கே 1970களில் மருத்துவர்கள் எழுதிவைத்ததும், அதையொட்டி எழுந்த இயக்கமும் அதற்குக் காரணம். நிறவெறி அரசின் கடைசி ஆண்டுகளிலேயே அந்த நாட்டால் அது முடிந்தது.

தொழுநோய் மருந்திலும் இதே முள் இருக்கிறது. கூட்டு மருந்தில் சேர்ந்த குளோஃபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்கும். நிறம் மாறிய முகமே நோயைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. மருந்தை முடித்தபின் நிறம் மெல்லத் திரும்பும் என்று முதல் நாளே சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். 2005இல் தொழுநோயைப் பொது சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டதாக அறிவித்த நாட்டில் இன்னும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கும் மேல். அறிவிப்புக்குப் பிறகு, தோலைப் பார்க்க மட்டுமே பயிற்சி பெற்றிருந்த பணியாளர் கூட்டம் மெலிந்துபோனது.

தான்சானியாவின் மோஷியில் 1992இல் தொடங்கிய தோல் மருத்துவப் பயிற்சி மையம், மருத்துவர் அல்லாத சுகாதார அலுவலர்களுக்குத் தோல் நோய் கற்றுக்கொடுத்து ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. தோல் மருத்துவர்களே இல்லாத மாவட்டங்களுக்கான வழி அது. உலக சுகாதார நிறுவனமும் 2022இல், தொழுநோய், சொறி முதலிய தோல் நோய்களைத் தனித்தனித் திட்டங்களாக இல்லாமல் ஒரே பார்வையில் தேட வேண்டும் என்று வழிகாட்டியது. மும்பையில் தோல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கும் தாராவிக்கும் இடையே ஒரு நாள் கூலி நிற்கிறது. சயான் மருத்துவமனை வரிசையில் நிற்கும் காலை நேரம் அந்தக் கூலியைத் தின்றுவிடும். மெடிக்கல் டியூப் வெல்வது அந்த இடைவெளியில்தான்.

ஆகவே தொழுநோய்த் தேமலைத் தேடி வீட்டுக்கு வரும் பணியாளரே அரிப்பையும் பார்க்க வேண்டும் என்கிறேன். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், பெண்களைப் பார்ப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். படர்தாமரை என்றால் வீட்டில் எத்தனை பேருக்கு என்று கேட்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் ஒரே துண்டும் ஒரே பாயும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆளுக்கொரு துண்டு, வெயிலில் உலர்த்திய துணி என்ற அறிவுரை, குழாயில் குறித்த நேரம் மட்டும் தண்ணீர் வரும் சந்தில், ஜூன் முதல் செப்டம்பர்வரை எதுவும் காயாத ஊரில், எவ்வளவு நடக்கும் என்பதை அறிந்து சொல்ல வேண்டும். சாயங்காலமும் திறந்திருக்கும் தோல் பிரிவு ஒன்று, 60 அடி சாலையில் உள்ள சோட்டா சயான் மருத்துவமனையிலேயே இருந்தால் கூலி போகாது. இவையெல்லாம் மாநகராட்சி முடிவெடுத்தால் ஒரே ஆண்டில் தொடங்கக்கூடியவை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூசிக்கொண்டிருக்கும் டியூப்பை எடுத்து அட்டையைப் படிக்க வேண்டும். குளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் எதுவாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரைக்கும் முக நிறத்துக்கும் அதைத் தானே பூசக் கூடாது. நாள்பட முகத்தில் பூசியவர் ஒரேயடியாக நிறுத்தினால் முகம் எரிந்து வீங்கக்கூடும். எனவே குப்பையில் போடாமல் அந்த டியூப்பையும் அட்டையையும் பையில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எத்தனை மாதமாகப் பூசினோம், யார் கொடுத்தார்கள், வீட்டில் வேறு யார் பூசுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.